முதலாம் ஆண்டுக்கு ஒரு மாலை

ஊருக்குத்தான் உபதேசம் என்று ஒரு பழமொழி உண்டு. என்னைப் பார்த்துத்தான் யாரோ அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டார்கள் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. ஒப்புக்கொண்டு விடுகிறேன். தமிழ்ப்பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று நான் வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த அதே மாதங்களில், என் மகள் தன்யாவைச் சீனப்பள்ளியில் பதிந்து வைத்திருந்தேன். (திட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இன்னும் வருகிறது.)

மலேசியாவின் கெடா மாநிலத்தில், செர்டாங் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் படித்த தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அந்த ஆண்டு ஆறு வகுப்புக்கும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய தோட்டத்து லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும். மீதியில் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். பள்ளியை மூடப் போகிறார்கள், இல்லை பட்டணத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் பேச்சு வரும். நானோ முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர். கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை, செர்டாங்கில் சொந்த வீடு, ஒரு பழைய கார், மேடை கிடைத்தால் இறங்காத வாய். இவ்வளவும் என்னிடம் இருந்தன.

அந்த ஆண்டு முதலாம் ஆண்டுக்கு வரக்கூடிய வயதில் தோட்டத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற தேவனுடைய மகள் லோஷினி. அந்தப் பிள்ளை வராவிட்டால் முதலாம் ஆண்டு வகுப்பே கிடையாது. தலைமையாசிரியை ராஜேஸ்வரி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "செயலாளரே, இந்த ஒரு பிள்ளைய மட்டும் எப்படியாவது கொண்டாந்துடுங்க. பூஜ்யம்னு எழுதி அனுப்ப எனக்குக் கை வராது" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

மூன்று முறை போனேன். தேவன் பேசமாட்டார், சிரிப்பார். அவர் மனைவி மாலாதான் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்பார். நான் தாய்மொழியில் தொடங்கி, தாய்ப்பாலில் நுழைந்து, ஓர் இனம் எப்படி அழிகிறது என்பதில் போய் நிற்பேன். மாலா நிதானமாக, "சீனப்பள்ளியில மூணு மொழி கத்துக்கிடுதுங்களாம்ணே" என்பார். "அடையாளம் போயிடுமே தங்கச்சி!" என்று கையை உயர்த்துவேன். (அடையாளம் எந்த வழியாகப் போகும் என்று அவர் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது.) கடைசியில் அவர், "பாப்போம்ணே" என்பார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பாப்போம்ணே" என்றால் பாதி நேரம் "எழுந்து போங்கண்ணே" என்றுதான் அர்த்தம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் என் பேச்சில் நானே மயங்கியிருந்தேன். இரண்டாம் முறை போனபோது என் கைப்பேசியிலேயே லோஷினியின் பெயரைத் தமிழ்ப்பள்ளிக்குப் பதிந்தும் கொடுத்துவிட்டேன். மூன்றாம் முறை சும்மா நன்றி சொல்லப் போனேன். மாலா தோட்டத்துப் பப்பாளி நாலைக் கொண்டுவந்து காரில் வைத்து அனுப்பினார். வெற்றி என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் மனைவி கோமதி, தன்யாவின் சீனப்பள்ளிக் காலணிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழியைக் கோமதி மேல் போட எனக்கு ஆசைதான், நியாயம் இல்லை. ஒரு வருடமாக அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள். "உங்க கூட வேலைக்குச் சேர்ந்தவன் மேனேஜராயிட்டான். அவனுக்கு மாண்டரின் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வேற என்னங்க வித்தியாசம்?" நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். உண்மையில் அந்தப் பதவி உயர்வு கிடைக்காத அன்று, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். என் பிள்ளைக்கு அது நடக்கக்கூடாது என்று எனக்கும் இருந்தது. பதிவுப் பொத்தானை அழுத்தியது என் விரல்தான். நாம் பட்டணத்தில் இருக்கிறோம், தோட்டத்துப் பள்ளிக்குக் கணக்கில் வரமாட்டோம் என்று எனக்கு நானே ஒரு சட்டமும் எழுதிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பேசிவிட்டு எப்படிச் சொல்வது?

பள்ளி திறக்கும் நாள் வந்தது. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் முதல் நாள். என் திட்டம் பிரமாதமானது. காலை ஏழு மணிக்குள் தன்யாவையும் கோமதியையும் சீனப்பள்ளி வாசலில் இறக்கிவிட வேண்டும். எட்டரைக்குத் தோட்டத்தில் லோஷினிக்கு வரவேற்பு. தமிழ்ப்பள்ளிகளில் புதுப் பிள்ளைகளுக்கு மாலை போட்டு ஆரத்தி எடுப்பது வழக்கம். ஒரே பிள்ளை என்பதால் நான் விஷயத்தைப் பெரிதாக்கி, உறுமி மேளக் குழுவுக்கும் சொல்லி வைத்திருந்தேன். பட்டு வேட்டி, தங்க நிற ஜிப்பா, நெற்றியில் சந்தனம், காரின் முன் இருக்கையில் ரோஜா மாலை. இந்தக் கோலத்தில் சீனப்பள்ளி வாசலில் இறங்கிய முதல் தகப்பன் நானாகத்தான் இருப்பேன். காவலாளி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

தன்யாவின் கழுத்தில் சீன எழுத்தில் பெயரட்டை மாட்டினார்கள். நான் குனிந்து அதைச் சரிசெய்து நிமிர்ந்தேன். அடுத்த வரிசையில் இன்னொரு பிள்ளையின் கழுத்தில் அதே மாதிரி அட்டையை மாலா மாட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் லோஷினியின் புத்தகப்பையைப் பிடித்தபடி தேவன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தேவன் வழக்கம்போலச் சிரித்தார். எனக்கு வேட்டி அவிழ்ந்து விழுந்தது போல இருந்தது. (கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். விழவில்லை.)

"இங்க என்ன தங்கச்சி?" என்று கேட்டேன். உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதியே இல்லாத ஒரே ஆள் நான்.

மாலா தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லணும்னுதாண்ணே நெனச்சோம். சங்கடமா இருந்திச்சி லா. அன்னிக்குப் பப்பாளிய உங்க கார் பின் சீட்ல வச்சேன்ல, அங்க தன்யாவோட சீனப் புத்தகம் கெடந்திச்சி. புது யூனிபார்மும், இந்தப் பள்ளிக்கூடத்துப் பேட்ஜும் இருந்திச்சி. அண்ணன் படிச்சவரு, அவரு பிள்ளைக்கு நல்லதுதானே செய்வாருன்னு இவரு சொன்னாரு. மறுநாளே வந்து கேட்டோம். ஒரு எடம் இருக்குன்னாங்க."

என் மூன்று சொற்பொழிவுகளை ஒரு பின் இருக்கை தோற்கடித்துவிட்டது. நான் காருக்குப் போனேன். கோமதி பின்னால் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்குப் போய்ச் சேரும் வரை, போனதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வாசலில் "லோஷினியே வருக" என்று பதாகை. உறுமி மேளம் என் காரைக் கண்டதும் முழங்கத் தொடங்கிவிட்டது. பதினொரு பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு வாழ்த்து அட்டை, தாங்களே வரைந்தது. ராஜேஸ்வரி டீச்சர் புதுப்புடவை கட்டியிருந்தார். அவர் என் காருக்குள் எட்டிப் பார்த்து, "பிள்ளை எங்க சார்?" என்று கேட்டார்.

"காய்ச்சல்" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மேளம் நின்றது. டீச்சரின் முகம் வாடிவிட்டது. "ஐயோ பாவம், முதல் நாளும் அதுவுமாவா?" என்றவர், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். "லைன் வீடு பக்கத்துலதானே? ஓய்வு நேரத்துல பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு நாமளே போய்ப் பாத்துட்டு வருவோம். மாலைய வீட்லயே போட்டுடலாம்."

"தொத்துற காய்ச்சல் டீச்சர்" என்றேன்.

"அப்படின்னா வாசல்ல நின்னு பாட்டுப் பாடிட்டு வந்துடுவோம்."

"பிள்ளை தூங்கும்…"

"எழுந்திரிக்கிற வரைக்கும் நிப்போம் சார்." அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

இப்படியாகப் பத்தரை மணி வெயிலில் ஓர் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் டீச்சர் கையில் மாலை, பின்னால் பதினொரு பிள்ளைகள், அட்டைகள், ஆரத்தித் தட்டு. கடைசியில் பலி ஆடு மாதிரி நான். கைப்பேசியைப் பயத்தில் அணைத்து வைத்திருந்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தால் கோமதி அனுப்பிய செய்தி எனக்கு வரவில்லை. பள்ளி வாசலில் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் அவளும் மாலாவும் சிநேகமாகியிருந்தார்கள். "எங்க வீட்ல சாப்பிட்டுப் போங்கக்கா. அண்ணன் தோட்டத்துலதானே இருப்பாரு, அப்படியே சேர்ந்து போயிடலாம்" என்று மாலா கூப்பிட்டிருக்கிறார். முதல் நாள் என்பதால் சீனப்பள்ளியிலும் சீக்கிரமே விட்டுவிட்டார்கள்.

லைன் வீடு பூட்டியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்களோ?" என்று டீச்சர் உண்மையாகவே கவலைப்பட்டார். அப்போது தேவனின் கார் வந்து நின்றது. முதலில் லோஷினி குதித்து இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் இறங்கினாள். இரண்டு கழுத்திலும் சீன எழுத்து அட்டைகள். கோமதி என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

"அப்பா! எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கிளாஸ்!" என்று தன்யா கத்தினாள்.

டீச்சர் மெல்லக் கேட்டார். "லோஷினிக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?"

"யாருக்கு டீச்சர் காய்ச்சல்?" என்றார் மாலா.

பதிலுக்காக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசக்கூடியவன் நான். தரையைப் பார்த்தேன். என் புது வேட்டியின் கரையில் செம்மண் ஏறியிருந்தது.

டீச்சர் யாரையும் திட்டவில்லை. இரண்டு பெயரட்டைகளையும் எடுத்துப் பார்த்தார். பிறகு மாலையை லோஷினிக்குப் போட்டு, அவள் தோளிலிருந்து அதை இழுத்துத் தன்யாவின் தோளிலும் படும்படி வைத்தார். "முதல் நாள் பள்ளிக்கூடம் போயிட்டு வந்திருக்குங்க. நல்லாப் படிக்கட்டும்" என்றார். பதினொரு பிள்ளைகளும் கற்று வந்த பாட்டை வீணாக்காமல் முழுதாகப் பாடினார்கள். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் அட்டையை லோஷினியிடம் நீட்டி, "நாளைக்கு வருவதானே?" என்று கேட்டாள். லோஷினி தன் அம்மாவைப் பார்த்தாள். மாலா, "பாப்போம்மா" என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டது இல்லை.

திரும்பி நடக்கும்போது டீச்சர் என் அருகில் வந்தார். "பொய் சொன்னதுக்குக் கூட எனக்குக் கோபம் இல்ல சார். உங்க பிள்ளைய ஏன் அங்க போட்டீங்கன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் வீடு வீடாப் போனா எல்லாரும் பாப்போம்னுதான் சொல்றாங்க, ஒருத்தரும் காரணம் சொல்றதில்ல. காரணம் தெரியாம நான் எதைத் திருத்துறது?"

அன்று மாலையே போய்ச் சொன்னேன். மாண்டரினைப் பற்றியும் பதவி உயர்வைப் பற்றியும் சொன்னேன். காரில் அழுததையும் மறைக்கவில்லை. அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். செயலாளர் பதவியை விட்டேன். (யாரும் தடுக்கவில்லை. கொஞ்சமாவது தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.) சில மாதங்களில் அந்தப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் பள்ளி முடிந்ததும் மாண்டரின் வகுப்பு தொடங்கியது. ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவரை டீச்சரே தேடிப் பிடித்தார். அடுத்த ஆண்டு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதலாம் ஆண்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். இந்த ஆண்டு மூன்று பேர்.

எங்கள் வீட்டிலும் தேவன் வீட்டிலும் இன்று வரை யாருக்காவது ஒரு கல்யாணத்துக்குப் போகப் பிடிக்காவிட்டால், "லோஷினிக்குக் காய்ச்சல்னு சொல்லிடு" என்பார்கள். லோஷினியே சொல்வாள். தன்யா மாண்டரினில் பொரிந்து தள்ளுகிறாள். தமிழை வெள்ளிக்கிழமை காலைகளில் என்னிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டால், இன்னும் தெரியாது என்பதுதான் நேர்மையான பதில்.

போன மாதம் விளையாட்டுப் போட்டிக்குத் தோட்டத்துப் பள்ளிக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் வகுப்பு வாரியாக நிற்பதற்குத் திடலில் ஆறு மஞ்சள் கோடுகள் போட்டிருக்கிறார்கள். அன்று வராமல் போன முதலாம் ஆண்டு, அடுத்த ஆண்டு இரண்டாம் ஆண்டிலும் இல்லை, அதற்கடுத்து மூன்றாம் ஆண்டிலும் இல்லை. இப்போது நான்காவது கோட்டில் ஆள் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய் நின்றார்கள். தன்யா எத்தனையாவது படிக்கிறாள் என்று அங்கே யாரும் என்னைக் கேட்பதில்லை.