மூவாயிரம் சுற்றுக்கு மெலானியாவின் காது சாட்சி

ரோம்னி, ஜனவரி 17

படைக்கு அச்சாணியும் எனக்கு ஒரே மருமகனுமான தெமியானுக்கு, இந்நகரின் சகல இயந்திரங்களுக்கும் அதிபதியாகிவிட்ட உன் தாய்மாமன் யுக்கிம் எழுதுவது. உன் பதுங்குகுழியில் எலிகள் குறைந்து, கால்கள் ஈரமின்றி இருக்க வேண்டுகிறேன். நானும் உன் அம்மா மெலானியாவும் நலம். மின்சாரம்தான் வீடு மாறி நுழைந்துவிட்ட விருந்தாளி மாதிரி, தினம் தலையை நீட்டிவிட்டு ஓடிவிடுகிறது.

தன்னார்வத் தொண்டர்களின் வண்டியில் நீ அனுப்பிய பழைய ஜெனரேட்டர் செவ்வாயன்று வந்தது, கூடவே உன் சீட்டும். "மாமா, அம்மாவோட ஆக்சிஜன் மெஷினை மாட்டுறதுக்கு முன்னாடி எஞ்சின் வேகத்தை அளந்துடுங்க. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று. ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் மெஷின் போயிடும்." அளக்கும் கருவியை மட்டும் அனுப்ப மறந்த மகா எஞ்சினியரே, உன்னைப் பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

முற்றத்தில், அக்காவின் ஜன்னலை விட்டுத் தள்ளி, அதை மரத்தோடு சங்கிலியால் கட்டினேன். கயிற்றை நாற்பது முறை இழுத்ததில் என் வலது கை ஒரு முழம் நீண்டுவிட்டது, இனி குனியாமலே செருப்பு மாட்டலாம். நாற்பத்தோராவது இழுப்பில் அது உயிர்பெற்று உறுமிய உறுமலில், மேல்வீட்டு மோத்ரியா பூனையை ஒரு கையிலும் வரேனிகிக் கொழுக்கட்டை கொதித்த சட்டியை மறுகையிலும் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் பறந்தாள். அரை மணி கழித்து வெளியே வந்து, "இது உங்க மெஷினா, எதிரிங்க வானத்துல அனுப்பின ட்ரோனா? முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றாள். வரேனிகி கூழாகியிருந்தது. அதையும் நானே சாப்பிட்டு நஷ்டத்தை ஈடுகட்டினேன்.

அப்புறம் அளவெடுப்பு. சுழலும் தட்டில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒரு நிமிடத்தில் பதினான்கு வந்தது, அதில் இரண்டு என் கண் இமைத்தது. அக்காவிடமோ கடைசி சிலிண்டர், சாயங்காலம் வரைதான் தாங்கும். அப்போதுதான் என் மூளையில் மின்னல் வெட்டியது (ஊரில் மின்சாரம் இருந்த ஒரே இடம்). நம் பழைய ரெக்கார்டு பிளேயரின் மோட்டார், வருகிற மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்பத்தான் சுழலும். எஞ்சின் வேகம் கூடினால் தட்டு வேகமாகச் சுற்றி சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். மாவட்டப் பாடகர் குழுவின் இசைத்தட்டு வீட்டில் இருக்கிறது, அதில் உன் அம்மாவே பாடியிருக்கிறாள். இவளைவிட நல்ல அளவுகோல் ஏது?

பிளேயரை ஜெனரேட்டரில் மாட்டி, பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில் ஜன்னலைத் திறந்து வைத்து, அவள் கட்டிலிலிருந்து ஆணையிட, நான் முற்றத்தில் கார்புரேட்டர் பக்கத்துத் திருகைத் திருப்பினேன்.

"டேய் யுக்கிம், குருவிக் கூட்டம் மாதிரி கத்துறோம். இறக்கு."

இறக்கினேன்.

"இன்னும்."

"அக்கா, இதுக்கு மேல இறக்கினா பாதிரியார் கொட்டாவி விடுற மாதிரி இருக்கும்."

"நாப்பது வருஷம் மேடையில நின்னது நீயா, நானா?"

மேலும் இறக்கினேன். திடீரென்று ஜன்னலுக்குள் இரண்டு குரல்கள் கேட்டன. மூக்கில் குழாயோடு உன் அம்மா தட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள், ஒரு முழு சரணம். "நிறுத்து. இதுதான்" என்றாள். திருகு நகராதபடி மோத்ரியாவின் சிவப்பு நகப்பூச்சைத் தடவி அடைத்து, மெஷினை மாட்டினேன். பச்சைக்குப் பதில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "குளிருக்கு அப்படித்தான்டா" என்றாள். மூன்று நாளாக ஓடுகிறது. ஆகவே வேகம் மூவாயிரம், ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. உன் தளபதிக்கும் சொல், தேவைப்பட்டால் அவருடைய டாங்கிகளையும் பாட வைத்து அளந்து தருகிறேன்.

மோத்ரியாவின் விசாரிப்புகள். உன் தலைக்கு மேலே பறப்பதெல்லாம் காக்கையாகவே இருக்கட்டும்.

உன் மாமன்,
யுக்கிம்

பி.கு.: உறையை ஒட்டும் முன்பு, மின்வாரியத்து சவ்வா செல்போனுக்கு சார்ஜ் போட வந்தான். பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து மாட்டிப் பார்த்தான். "ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பதுதான் மாமா. யார் அளந்தா?" நகப்பூச்சைச் சுரண்டி வேகத்தை ஏற்றினோம். விளக்கு உடனே பச்சையானது. மூன்று நாளாக மெஷின் அவளுக்குப் பாதி மூச்சுதான் கொடுத்திருக்கிறது. தட்டைப் போட்டேன். அவள் வாயைத் திறந்தாள், முதல் வரியின் சுருதியே எட்டவில்லை, மூடிக்கொண்டாள்.

"ஏன் அக்கா தப்பாச் சொன்ன?"

"தப்பாச் சொல்லலடா. அந்த வேகத்துலதான் என்னால பாட முடிஞ்சுது."

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. வேகம் இப்போது மூவாயிரம், மீட்டர் சாட்சி. விடுப்புக் கேள், தெமியான். வசந்தம் வரட்டும் என்று தள்ளிப்போடாதே. இந்த வாரமே கேள்.