அரியணையில் விழுந்த துண்டு

சமன்நாட்டை வரைபடத்தில் தேடி யாரும் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கிடைக்காது. ஆனால் அங்கே மக்கள் இருந்தார்கள், மன்னர் இருந்தார், மன்னருக்குத் தோன்றியதையெல்லாம் சட்டமாக்கித் தர ஓர் அமைச்சரும் இருந்தார். ஒரு நாட்டுக்கு வேறென்ன வேண்டும்? மன்னர் பெயர் நிகரிலி வர்மர். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லியே ஆகவேண்டும். எதிரே யார் அழுதாலும் கூடவே உட்கார்ந்து அழுவார். அழுது முடித்ததும் ஒரு சட்டம் போடுவார். வம்பெல்லாம் அங்கேதான் தொடங்கும்.

அந்த நாட்டில் ஊறுகாய் விற்கும் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் வெள்ளைச்சாமிக்குக் கடல் நடுவே சங்குத் தீவில் கலங்கரை விளக்குக் காவல் வேலை. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை தோணியில் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவான். மூன்று வருஷத்துக்கு முன் மன்னர் ஆகாயக் கப்பல் விட்டார். இக்கரையில் ஏறினால் அக்கரையில் இறங்கலாம். "வானத்தில் பறக்கும் நாட்டுக்குத் தோணி எதற்கு?" என்று தோணிகளுக்குத் தடையும் போட்டார். அந்தத் தடை ஓராண்டுக்குத்தான் செல்லும். தை முதல் நாள் மன்னர் அரியணையில் அமர்ந்து முத்திரை குத்தினால் அடுத்த தை வரை நீளும். மன்னரும் வருஷம் தவறாமல் குத்திக்கொண்டிருந்தார்.

ஆகாயக் கப்பல் சங்குத் தீவில் இறங்காது. அத்தனூண்டு தீவில் எங்கே இறங்குவது? மேலாகப் பறந்து போய்விடும். ஆனால் இடப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்தால் விளக்குக் கோபுரம் தெரியும். அதன் மாடத்தில் நின்று கையாட்டும் ஆளும் தெரியும். வெள்ளிதோறும் அக்கரைச் சந்தைக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுபோன செங்கமலத்துக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த இடப்பக்கச் சன்னல் ஒன்றுதான். பத்து எண்ணுவதற்குள் தீவு போய்விடும். அந்தப் பத்து எண்ணிக்கைக்காகத்தான் அவள் வாரம் பூராவும் நார்த்தங்காய் அரிந்தாள்.

ஆனால் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை.

"நம் நாட்டில் அனைவரும் சமம்," என்று இருக்கைத் துறை அமைச்சர் பூவராக ராயர் முரசறைந்து அறிவித்திருந்தார். "ஆகவே கப்பலில் எந்த இருக்கைக்கும் எண் கிடையாது. முந்தி ஏறுபவர் விரும்பிய இடத்தில் அமர்ந்து சமத்துவத்தை அனுபவிப்பாராக!"

அறுபது இருக்கை, ஒரே கதவு. முதல் நாளே மூன்று பேருக்குப் பல் போயிற்று, செங்கமலத்துக்கு ஒரு ஜாடி போயிற்று. அடித்துப் பிடித்து ஏறியவளுக்கு வலப்பக்கத்தில் இரண்டு தடியர்களுக்கு நடுவே இடம் கிடைத்தது. தீவு வந்தபோது எக்கி எக்கிப் பார்த்தாள். பக்கத்து ஆளின் காதுதான் தெரிந்தது.

பல் போன செய்தி கேட்டு மன்னர் அழுதார். அழுது முடித்து, நோயாளிகளும் கைக்குழந்தைக்காரர்களும் நாட்டுக்கு உழைத்தவர்களும் முன்வரிசையில் ஏறலாம் என்று ஆணையிட்டார். நல்ல ஆணைதான். ஆனால் நாட்டுக்கு உழைத்தவர் யார் என்று கேள்வி வந்தது. மன்னரின் பிறந்தநாளில் அரண்மனை வாசலில் நின்று 'வாழ்க' சொன்னவரெல்லாம் உழைத்தவரே என்று ராயர் ஒரு விளக்கக் குறிப்பு எழுதி ஒட்டினார். ஒரே மாதத்தில் முன்வரிசையில் ஐம்பத்தொன்பது பேர் நின்றார்கள். பொது வரிசையில் செங்கமலம் நின்றாள். வருஷம் மூன்றை நெருங்கும்வரை அப்படியே நின்றாள்.

"ஏக்கா, நீயும் போயி ஒரு வாழ்க சொல்லிட்டு வரவேண்டியதுதானே? காசா பணமா?" என்றான் துறையில் சுமை தூக்கும் இருளப்பன்.

"சொல்லலாம்ப்பா. எம் வீட்டுக்காரரை நடுக்கடல்ல உட்கார வச்சவருக்கு வாழ்க சொல்ல வாய் வரமாட்டேங்குதே."

"அப்ப நான் சொல்றதைக் கேளு. சன்னலெல்லாம் தொறந்துதானே கிடக்கு? கதவு தொறக்குறதுக்கு முன்னாடி வெளியில நின்னு ஒரு துண்டைத் தூக்கிப் போடு. எவனாச்சும் கேட்டா, 'ஆள் வருது'ன்னு சொல்லு. முடிஞ்சு போச்சு."

வெள்ளைச்சாமி விட்டுப்போன நீலக்கட்டம் போட்ட துண்டு வீட்டு ஆணியில் மூன்று வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளி அதைச் சுருட்டி எடுத்துப்போய்க் குறிபார்த்துப் போட்டாள். சரியாக இடப்பக்கச் சன்னலோரம் விழுந்தது. அந்த வாரம் பார்த்துவிட்டாள்! கோபுர மாடத்தில் அவன் நின்றான், இரண்டு கையையும் ஆட்டினான். இளைத்திருந்தான். தாடி வேறு. சந்தை போய்ச் சேரும்வரை அவளுக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. பக்கத்தில் உட்கார்ந்தவர் பயந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தார்.

சமன்நாட்டு மக்கள் கண் பார்த்தால் கை செய்யும் ரகம். மறு வாரம் சன்னல்கள் வழியாக அறுபது துண்டு பறந்தது. ஒருவன் துண்டை இன்னொருவன் எடுத்தெறிய, துண்டுச் சண்டையில் ஊர் இரண்டுபட்டது. மன்னர் அழுதார். ராயர் ஓலையை எடுத்தார்.

"துண்டு விழுந்த இருக்கை துண்டுக்கே உரியது. எவரும் அதை அகற்றலாகாது."

உடனே சில கெட்டிக்காரர்கள் விடியற்காலையிலேயே துண்டைப் போட்டுவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டு இடத்தை வேண்டியவருக்குக் கொடுத்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது. "இருக்கை அக்கரை சேரும்வரை, துண்டுக்குரியவரே ஆனாலும் துண்டை அகற்றலாகாது."

"அப்ப துண்டு மேலயே உட்கார்ந்துக்கலாமா ஐயா?" என்று செங்கமலம் கேட்டாள்.

ராயர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சட்டத்தால் காக்கப்பட்ட துண்டின்மேல் அமர்வதா? அது துண்டை அவமதிப்பதாகும் அம்மா."

அன்று முதல் அறுபது துண்டுகள் கால் நீட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு போயின. அறுபது மனிதர்கள் நடுவழியில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றுகொண்டு போனார்கள். எத்தனை பேர் போட்டாலும் இடப்பக்கச் சன்னலில் விழுந்தது நீலக்கட்டத் துண்டுதான். மூன்று மாதத்தில் செங்கமலத்தின் கை அவ்வளவு தேறியிருந்தது. காலி இருக்கையைக் கண்டதும் அவள் யோசிக்குமுன்பே துண்டு பறந்துவிடும். பறந்து என்ன பயன்? தீவை அந்தத் துண்டுதான் பார்த்தது. சன்னலோ தாழ்வு, நின்றால் ஒன்றும் தெரியாது. அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

தை பிறந்தது. தோணித் தடைக்கு முத்திரை குத்தும் நாள். விடிந்ததும் செங்கமலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு ஜாடி ஊறுகாயும் எடுத்துக்கொண்டு நேரே அரசவைக்குப் போனாள். மன்னர் அரியணையில் இருந்தார். ராயர் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மகாராசா, எனக்குக் கப்பலும் வேண்டாம், சன்னலும் வேண்டாம். அந்த முத்திரையை மட்டும் குத்தாதீங்க. தோணி ஓடட்டும். அவர் வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போகட்டும். மூணு வருசமாச்சு, சாமி."

மன்னருக்குக் கண் கலங்கியது. கன்னத்தில் வழிய வழிய அழுதார். "அழாதே அம்மா. உனக்காகவே ஒரு சட்டம் போடுகிறேன்."

"ஐயோ, வேண்டாம் சாமி!" என்று செங்கமலம் அலறினாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே கூட்டம் "வாழ்க!" என்றது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் மன்னரால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து உப்பரிகைக்குப் போய்க் கையசைத்தார். அரியணை காலியாக நின்றது. அதற்கு இடப்பக்கத்தில் ஒரு பெரிய சன்னல்.

அவ்வளவுதான். துண்டு போய் அரியணையில் விழுந்தது. விழுந்த பிறகுதான் தன் கை செய்த காரியம் அவளுக்கே தெரிந்தது.

"அடி பாவி, என்ன செஞ்சுட்டேன்! பழக்கதோஷம் சாமி, இந்தா எடுத்துர்றேன்," என்று ஓடினாள்.

"தொடாதே!" ராயரின் குரலில் அவையே நடுங்கியது. "சட்டம்!"

திரும்பி வந்த மன்னர் துண்டைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார். "ராயரே, நான் உட்கார வேண்டும்."

"தாங்களே கையெழுத்திட்ட சட்டம், மன்னா. இருக்கை அக்கரை சேரும்வரை துண்டை அகற்ற வழியில்லை."

"அரியணை தரையோடு அறையப்பட்டிருக்கிறதே! அது எப்போது அக்கரை சேரும்?"

"அதைத்தான் அடியேனும் யோசிக்கிறேன்."

"அப்படியானால் பெயர்த்தெடுத்துக் கப்பலில் ஏற்றி ஒருமுறை அக்கரை கொண்டுபோய் வாருங்கள்."

ராயர் கையைப் பிசைந்தார். "இடமில்லை, மன்னா. எல்லா இருக்கையிலும் துண்டு கிடக்கிறது."

"சட்டத்தையே நீக்கிவிட்டால்?"

"நீக்கும் ஓலையில் முத்திரை குத்தவேண்டும். அரியணையில் அமராமல் குத்தினால் முத்திரை செல்லாது."

மன்னருக்கு ஒரு முக்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விம்மினார். பிறகு செங்கமலம் கொண்டுவந்த ஜாடியைத் திறந்து ஒரு துண்டு நார்த்தங்காயை வாயில் போட்டுக்கொண்டார். முகம் மெல்லத் தெளிந்தது. பொழுது சாய்ந்தது. முத்திரை குத்தாததால் தோணித் தடை அன்றோடு தானாகச் செத்துப்போயிற்று.

அதன்பின் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். துண்டு ஒரு சட்டமும் போடவில்லை. ஒரு விளக்கக் குறிப்பும் எழுதவில்லை. துறையில் இருளப்பன் சுண்ணாம்புக் கட்டியால் அறுபது இருக்கைக்கும் எண் எழுதினான். வேண்டாம் என்று ஆணையிட ஆளில்லாததால் மக்கள் அவரவர் எண்ணைப் பார்த்து உட்கார்ந்தார்கள். துண்டுகள் தோளுக்குத் திரும்பின. அரண்மனை வாசலில் மட்டும் அதே கூட்டம் அதே சத்தத்தில் "நீலக்கட்டம் வாழ்க!" என்றது. அயல்நாட்டுத் தூதர்கள் வந்து, நாட்டை ஆள்வது யார் என்று கேட்டால் ராயர் கம்பீரமாகச் சொல்வார்: "ஆள் வருது."

மறுவாரம் தோணி வந்தது. வெள்ளைச்சாமி வாசலில் வந்து நின்றான். செங்கமலம் அவன் தாடியைத் தொட்டுப் பார்த்தாள். வெந்நீர் வைத்தாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவன் பழைய நினைவில் ஆணிப்பக்கம் கையை நீட்டினான்.

"என் துண்டு எங்கடி?"

"அது அரண்மனையில உட்கார்ந்திருக்கு. ராஜ்யம் ஆளுது."

வெள்ளைச்சாமி அவளையே பார்த்தான். தீவில் இருந்தவனுக்கு நாட்டுநடப்பு என்ன தெரியும்? "சரி, எப்ப எந்திரிக்கும்?"

"அங்க உட்கார்ந்தது எது தானா எந்திரிச்சிருக்கு? நீங்க குனிங்க," என்று சொல்லி, செங்கமலம் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள்.