சட்டப்படி ஒரு சூதாட்டக் கடை

சந்தேகம் வந்தால் தெரிந்தவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். கேட்காமல் காரியம் பார்த்தவர்கள் எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். கேட்டுச் செய்த நான்தான் பொலிஸ் ஜீப்புக்கு முன்னால் பெயின்ற் தூரிகையோடு நின்றேன்.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலம் அது. யாழ்ப்பாணத்துக்கு அருகே வேலணைத் தீவில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கொமினிகேசன் நடத்தினேன். வெளிநாட்டுக்குக் கதைக்க ஒரு தொலைபேசி, இணையம் பார்க்க ஒரு கொம்பியூட்டர். முதலாளி, சிப்பந்தி, கூட்டிப் பெருக்குபவள் எல்லாம் நானே. அப்பா அறையைத் தந்தது ஒரு நிபந்தனையோடு. கடையைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்தாலும் கதவைப் பூட்டிவிட்டு, காரைநகரில் பேசி வைத்திருந்த நோர்வே மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். (தங்கமாகவே இருக்கட்டும், எனக்கென்ன?) எனக்குக் கடைதான் வேண்டும். அதற்காக யாரோடும் மல்லுக்கட்டத் தயாராக இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தார் பெரியம்மாவின் மகன் சந்திரன் அண்ணை. வங்கி அட்டையின் இலக்கத்தைக் கொம்பியூட்டரில் தட்டி, எங்கோ ஒரு நாட்டிலிருந்த சூதாட்டத் தளத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கினார். எங்கள் இணையத்தின் வேகத்துக்குச் சக்கரம் பாதியில் நின்றுவிடும். சாட்டிக் கடற்கரையில் குளித்துவிட்டு வருகிற பெடியன்கள் ஈரத் தலையோடு மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு அவர்களும் அண்ணையின் கையில் காசைத் திணித்து இலக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடை நிரம்பி வழிந்தது. எனக்கு மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக வந்தன. இது சட்டத்துக்குச் சரியோ?

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் நேர்மையான வியாபாரியாயிற்றே! யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்தராக இருந்த யோகன், எங்கள் தெருப் பெடியன், அன்று கடைக்கு வந்திருந்தான். யாருக்கும் கேட்கக் கூடாதென்று அவன் காதருகில் போய்க் குரலைத் தாழ்த்தி, "எங்கடை நாட்டுச் சட்டத்திலை இந்த விளையாட்டு எப்பிடி?" என்று கேட்டேன்.

அவன் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "சட்டப்படி, அக்கா."

அது போதாதா எனக்கு? அன்று பின்னேரமே பலகை வாங்கி, என் கையாலேயே எழுதி வாசலில் தொங்கவிட்டேன்: 'இங்கு இணையச் சூதாட்டம் சட்டப்படி.' தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். என் துணிச்சலை மெச்சுகிறார்கள் என்று நானும் தலையாட்டிச் சிரித்தேன்.

சிரிக்காமல் வாசித்தவர் ஒரே ஒருவர்தான், தமிழைப் புத்தகத்தில் படித்த சிங்களப் பொலிஸ் சார்ஜன்ட். ஜீப்பை விட்டு இறங்கி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "எந்தச் சட்டத்தின்படி, தங்கச்சி?"

நான் நிமிர்ந்து நின்று, சட்டம் தெரிந்த ஆளிடம் கேட்டுத்தான் எழுதினேன் என்று சொல்லி யோகனைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அழுவதுபோல் ஆகிவிட்டான்.

"ஐயோ அக்கா, நான் விளையாட்டு நல்லாயிருக்கெண்டெல்லோ சொன்னனான்!"

எங்கள் பக்கத்து இளசுகளுக்கு நண்டுக் கறி ருசித்தாலும் சட்டப்படி, பந்து மதிலைத் தாண்டிப் போனாலும் சட்டப்படி. அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே வளர்ந்தவள் நான். சட்டத்தரணியின் எழுத்தர் வாயிலிருந்து வந்ததால் அந்தச் சொல்லுக்குக் கறுப்புக் கோட்டுப் போட்டுவிட்டேன்! வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

சூதாட்டச் சட்டத்தில் கொம்பியூட்டர் என்ற சொல்லே இல்லை, மேலிடத்தைக் கேட்டாலும் முழிப்பார்கள் என்று சார்ஜன்டே ஒப்புக்கொண்டார். ஆனால் ஆட்களைச் சேர்த்துச் சூதாட இடம் கொடுப்பது குற்றம்தானாம். சந்திரன் அண்ணை பின்பக்கப் படலையைத் திறந்துகொண்டு எப்போதோ மறைந்துவிட்டார். (சுவிஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் கதைத்தார்.) பலகையைத் தம் கண்முன்னாலேயே அழிக்கச் சொன்னார் சார்ஜன்ட். தெருவே கூடி நிற்க, மிச்சப் பெயின்றால் அழித்தேன்.

ஜீப் போனதும் அப்பா வெளியே வந்தார். "கடையைப் பூட்டு."

"ஏலாது, அப்பா."

"சொன்ன சொல்லு என்ன?"

"பலகையிலைதான் பிழை, அதை அழிச்சிட்டன். கடையிலை பிழையில்லை. பூட்டமாட்டன்."

கடைப் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன், கொடுக்கவில்லை. அப்பா கோபத்தில் சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் கல்யாண நாளைக் குறித்துவருகிறேன் என்று காரைநகருக்கு பஸ் ஏறினார். பின்னேரம் வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார். சூதாட்டக் கடை முதலாளியம்மா தங்கள் மகனுக்குச் சரிவராது என்று மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்களாம். சந்தோசத்தை மறைக்க நான் குசினிக்குள் ஓடினேன்.

அந்தக் கடையை மேலும் பல வருடம் நடத்தினேன். இப்போதும் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்காவது பிடிக்காத சம்பந்தம் பேசினால் எனக்குத்தான் தொலைபேசி வரும். போன மாதம் கனடாவிலிருந்து தங்கையின் மகள் எடுத்தாள். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"பெரியம்மா, எனக்கும் ஒரு பலகை எழுதித் தாங்கோ."