மூளையில்லாத ஆறு பெட்டிகள்

ஆறு திரைகளும் ஒன்றாக உயிர் பெற்று, ஒன்றாகவே கறுத்துப்போயின.

"என்ன மாப்ளே, இப்பதானே வெளிச்சம் வந்துச்சு?" என்றார் அஹமது கபீர்.

"வந்துச்சு மாமா. சர்வர் ஆஃப் ஆயிடுச்சு."

"ஒண்ணு ஆஃப் ஆனா ஆறும் ஆஃப் ஆகுமா?"

ஆகும். ஃபாஜில் செய்துவைத்த ஏற்பாடே அப்படி. மேசைக்கு ஒன்றாக இருப்பவை மூளையில்லாத சின்னப் பெட்டிகள். மூளை, மூலையில் இருக்கும் சர்வரில். அதில் லினக்ஸைப் போட்டு வயரை இழுத்துவிட்டால் ஆறு பேரும் அதை வைத்தே டிக்கெட் போடலாம். வைரஸ் தொல்லை இல்லை, செலவும் குறைவு என்று கூத்தாநல்லூர் கடைத்தெருவுக்கே கேட்கும்படி மாமனாரிடம் சொன்னவன் அவன்தான்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. கபீர் டிராவல்ஸ், ஊரில் பாதிப் பேரை வளைகுடாவுக்கு ஏற்றி அனுப்பிய இடம். கபீரே இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். அவர் தம்பி உபைதுல்லா இன்னும் அங்கேதான் கடை வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து மூன்று மாதமாகச் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்று ஃபாஜிலுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மாமனார் வேறு, "உங்க கெட்டிக்காரத்தனத்தை இன்னிக்குப் பார்த்துடுவோம். அப்புறம் உங்க விஷயத்தை முடிவு பண்றேன்" என்று சொல்லியிருந்தார்.

மனைவி தஹ்மீனாவை விட்டுவிட்டு விமானம் ஏற அவனுக்குத் துளியும் மனசில்லை. அவள் பி.எட். பரீட்சை எழுதத் திருவாரூர் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் பெட்டிகள் ஓடியாக வேண்டும்; ஓடினால் அவனை இங்கேயே வைத்துக்கொள்வார்கள்.

"குறுவை நடவு மாப்ளே. சுத்துப்பட்டுல எல்லா மோட்டாரும் ஓடுது, வோல்டேஜ் எங்கேர்ந்து வரும்?" என்றார் கபீர்.

வீட்டு மோட்டாரும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் சன்னலோரம் கொட்டிக்கொண்டிருந்தது. அதை ஃபாஜில் கவனிக்கவில்லை. அவன் கவலை யூ.பி.எஸ். பேட்டரியைப் பற்றி. அது போன பெருநாளோடு உயிரை விட்டிருந்தது.

ஆபீசுக்குப் பின்னாலேயே வீடு. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் இருந்தது. சர்வரை அங்கே தூக்கிப்போய் வைத்து, இன்வெர்ட்டர் லைனில் செருகி, நடை வழியாக ஒரு நீல வயரை ஆபீஸ் வரைக்கும் இழுத்துக் கட்டினான். திரைகள் எரிந்தன. ஃபாஜில் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

சமையலறையில் மிக்ஸி அலறியது. இன்வெர்ட்டர் அதைவிடப் பலமாக அலறிவிட்டு ஓய்ந்தது. இந்தத் தடவை ஃபேனும் நின்றது.

"ஏங்க, தேங்கா அரைக்கிறேன்னு மாப்ளைக்குச் சொல்லுங்க" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மாமி ஹலீமாவின் குரல் வந்தது.

"மாமி தேங்கா அரைக்கிறாங்களாம்" என்று கபீர் எடுத்துச் சொன்னார்.

அந்த வீட்டு வழக்கம் அது. மாமியார் மாப்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைக் கணவரிடம் சொல்வார், மகளிடம் சொல்வார். இருவரும் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வார். ஃபாஜில் தானே புரிந்துகொள்ள வேண்டும்.

சர்வரைச் சாதாரண லைனுக்கு மாற்றினான். இப்போது வேறு வம்பு. கரண்டு போய்வந்ததில் சர்வருக்கு முன்னால் வீட்டு வைஃபை ரவுட்டர் எழுந்துகொண்டது. பெட்டிகள் எழுந்து "எங்கே போகணும்?" என்று கேட்க, ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்த கதைதான். ஃபாஜில் ரவுட்டரின் வாயை அடைக்கப் போய், வைஃபையையே அடைத்துவிட்டான்.

"மாப்ளே, லைன் போச்சு. தம்பிகிட்ட முக்கியமான விஷயம் பேசிட்டிருந்தேன்" என்று கபீர் போனும் கையுமாக வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் மாமா."

"காலையிலேர்ந்து அதே நிமிஷம்தான் ஓடுது."

கெஞ்சிக் கூத்தாடி ரவுட்டரை வழிக்குக் கொண்டுவந்தான். முதல் பெட்டி விழித்தது, இரண்டாவது விழித்தது. அதற்குள் திரைச்சீலை பேசியது.

"ஏங்க, மாப்ளையைச் சாப்பிட வரச் சொல்லுங்க. ஆறிடும்."

மாமியார் வீட்டுச் சாப்பாட்டை மறுக்கிற மாப்பிள்ளை டெல்டாவில் இன்னும் பிறக்கவில்லை. இடியாப்பம், தொட்டுக்கொள்ளக் கறி ஆணம், அதற்கு மேல் இனிப்புக்குத் தம்ரூட். போதும் என்று கையை மறைத்தால் கைமேலேயே ஒரு கரண்டி விழுந்தது. குனிய முடியாத நிலையில் ஆபீசுக்குத் திரும்பினால், ஆறு பெட்டிகளும் சர்வரைக் காணோம் என்றன.

நீல வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தான். நடைக்கு நடுவே அதில் ஈரக் கைலி மூன்று காய்ந்துகொண்டிருந்தது. பாரம் தாங்காமல் வயர் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

ஃபாஜிலுக்கு அழுகை வந்தது. மாமிக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியவில்லை, பாவம், அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ரோஷம் வந்துவிட்டது. கடைத்தெருவுக்கு ஓடிப் புதுப் பேட்டரி வாங்கிவந்தான். சர்வரை மாமனாரின் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். பெட்டிகளை ஒவ்வொன்றாக எழுப்பினான்.

மோட்டார் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. மிக்ஸி வெறும் ஜாரோடு அலறியது. ஆறு திரைகளும் அசையவே இல்லை.

கபீர் ஆறு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் தோளில் தட்டினார்.

"நீங்க சாமான்யப்பட்ட ஆளில்ல மாப்ளே. உங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். அஸர் தொழுதுட்டு வந்து சொல்றேன்."

அவர் தெருவில் இறங்கியதும் ஃபாஜில் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான். தப்பித்தாயிற்று. இனி தஹ்மீனா உண்டு, இந்த ஊர் உண்டு.

திரைச்சீலை விலகியது. ஹலீமா மாமி வெளியே வந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மோட்டாரைப் போட்டேன், மிக்ஸியைப் போட்டேன், ஒயர்ல கைலியைக்கூடக் காயப்போட்டேன். உங்களுக்குப் புரியவே இல்லையே மாப்ளே."

ஃபாஜில் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"தம்பி கடையில இதே மாதிரி நாப்பது பெட்டி தூங்குதாம், இங்க ஓடலைன்னா மாப்ளை நம்ம கவுண்டர்லயே உட்காரட்டும், ஓடிட்டா அடுத்த ஃப்ளைட்டுலயே துபாய்க்கு அனுப்பிடறேன்னு காலையிலேயே தம்பிக்கு உங்க மாமா வாக்குக் கொடுத்துட்டாரு."