பூட்டு உடைத்த புண்ணியம்

சாவி பாதிதான் திரும்பியது. மீதியைக் கெமிஸ்ட்ரி டீச்சர் பலத்தைக் கொண்டு திருப்பினார். கையில் பிடி மட்டும் வந்தது.

“அப்பா! அப்பா!”

உள்ளே சத்தமே இல்லை. காலிங் பெல்லை அழுத்தினார். கரண்ட் இல்லை. லிஃப்டும் ஓடாததால், அப்பாவுக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டே மூச்சிரைக்கப் படியேறி வந்திருந்தார். பதினோரு தடவை அடித்தும் எடுக்கவில்லை. போன மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்த மனிதர். அதற்காகவே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்து, இந்தக் கட்டடத்துக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. அக்கம்பக்கத்தில் ஒரு முகம் தெரியாது. பெயிண்ட் அடிப்பதற்காகக் கதவு எண்களையெல்லாம் வேறு கழற்றி வைத்திருந்தார்கள்.

மேலே போகும் படியில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து டீச்சரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“ஐயா, எங்கப்பா உள்ள இருக்காரு. கூப்பிட்டா பேச மாட்டேங்குறாரு!”

பெரியவர் பலமாகத் தலையாட்டினார். “கவலப்படாதம்மா. நீ வந்துட்டல்ல, இனி எல்லாம் நடக்கும்.”

அந்த நேரம் பார்த்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு டெலிவரிக்காரர் ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை இறக்கி வைத்தார்.

“தள்ளுங்கக்கா. எங்க வீட்டுல இது மாசத்துக்கொரு தடவ நடக்கும். ஹேர்பின் இருக்கா?”

டீச்சர் தலையிலிருந்து உருவிக் கொடுத்தார். டெலிவரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நோண்டினார். டிக்கென்று ஒரு சத்தம்.

“திறந்துடுச்சா?”

“இல்லக்கா. பின்னும் உள்ள போயிடுச்சு.”

மேல்மாடியில் யாருக்கோ கட்டு மாற்றிவிட்டு ஒரு நர்ஸ் இறங்கி வந்தார். நின்ற நிலையிலேயே கேள்விகளை அடுக்கினார். “சுகர் இருக்கா? கடைசியா எப்பப் பேசினீங்க? இங்க நின்னு அழுதா ஆகாது. கதவுக்கு மேல இருக்குற கண்ணாடி வழியா பாத்துடலாம்.”

சொன்னவர் செருப்பைக் கழற்றிவிட்டு அட்டைப்பெட்டி மேல் ஏறினார். பெட்டி நொறுங்கும் ஓசையோடு அரை அடி இறங்கியது.

“உள்ள என்னங்க?”

“கண்ணாடி டம்ளர்.”

“எத்தன?”

“இனிமே எண்ணி என்னக்கா ஆகப்போகுது?”

ஏறியது ஏறியாகிவிட்டது என்று நர்ஸ் எம்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “ஒரே இருட்டு. கட்டில் தெரியுது. போர்வைக்குள்ள யாரோ படுத்திருக்குற மாதிரி இருக்கு. அசையல.”

டீச்சர் இரண்டு கையாலும் கதவைத் தட்டினார். டெலிவரிக்காரர் நான்கு நான்கு படியாகத் தாவி ஓடி, எதிர்க்கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த தச்சரைக் கையோடு இழுத்து வந்தார்.

தச்சர் பூட்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். உளியை எடுக்கவில்லை.

“வீட்டுக்காரங்க சொல்லாம கதவுல கை வைக்க மாட்டேன். முன்ன ஒரு தடவ வச்சு வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்.”

“நான்தாங்க சொல்றேன்! ஒடைங்க!”

பெரியவரும் படியிலிருந்து இறங்கி வந்தார். கதவில் இரண்டு தட்டுத் தட்டி, “ஒடச்சிடுப்பா. கதவு போனா போகுது” என்றார்.

“அவ்வளவுதான், பெரியவரே சொல்லிட்டாரு” என்று தச்சர் உளியை எடுத்தார்.

சுத்தியல் விழ விழ, பெரியவர் மறுபடி கண்ணை மூடிக் கை கூப்பினார். உதடு முணுமுணுத்தது. டீச்சர் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. நிரூபித்தால் நம்பலாம் என்று வகுப்பில் சொல்கிறவர். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தன் அப்பாவுக்காக இப்படி உருகி நிற்கிறார். செருப்பில்லாத நர்ஸ், நொறுங்கிய பெட்டி, வியர்த்து வழியும் தச்சர். இவர்களில் யாருக்கும் அப்பாவின் பெயர்கூடத் தெரியாது. டீச்சரும் கை கூப்பிக்கொண்டார்.

பூட்டு தெறித்து விழுந்தது. எல்லாரும் உள்ளே பாய்ந்தார்கள். நர்ஸ் போர்வையை இழுத்தார்.

இரண்டு தலையணைகள்.

டீச்சர் போர்வையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர்கள் வீட்டுச் சுவர் பச்சை. இது மஞ்சள்.

போன் அடித்தது.

“எங்கம்மா இருக்க?” என்று அப்பா கொட்டாவி விட்டார். “போன சைலன்ட்ல போட்டுட்டு நல்லாத் தூங்கிட்டேன். கீழ்வீட்டுல யாரோ என்னமோ இடிக்கிறாங்க. போய் நாலு கேள்வி கேக்கட்டுமா?”

“வேணாம்ப்பா!” டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்ததில், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “நீங்க படுத்திருங்க. இதோ வந்துட்டேன்.”

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

“ஒரு மாடி முன்னாடியே நின்னுட்டேன்” என்றார் டீச்சர்.

தச்சர் உளியை மெல்லப் பைக்குள் போட்டார். “நான் அப்பவே சொன்னேன்.”

“உங்கப்பா நல்லா இருக்காரு, அதப் பாருங்க” என்றார் நர்ஸ்.

“அது சரி, அப்ப இது யாரு வீடுங்க?” என்றார் டெலிவரிக்காரர்.

உள்ளறையிலிருந்து பெரியவர் வந்தார். அவர் எப்போது உள்ளே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. அப்போதுதான் எடுத்து மாட்டிய காது மிஷினைச் சரிசெய்துகொண்டே, நான்கு பேரையும் பார்த்துக் கை கூப்பினார்.

“யாரையாவது அனுப்பு சாமின்னு ஒரு மணி நேரமா வேண்டிக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். ஆனா, நான் வெளிய வந்ததும் என் வீட்டுக் கதவு தானா பூட்டிக்கிச்சுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?”