இனோகே மாமா போயிட்டார்

ஐந்து கிலோ குறைப்பதென்று முடிவு செய்தேன். உடம்பைக் குறைக்காமல்.

அதெப்படி என்று கேட்பவர்களுக்கு என்னைத் தெரியாது. டோங்காவிலிருந்து சிட்னிக்குப் போய்ப் பதினோரு வருஷம் காசுக்கு ரக்பி ஆடியவன் நான். முன்வரிசை. ஒருமுறை நான் விழுந்த இடம் பள்ளமாகி, மழை பெய்ததும் அதில் வாத்து விட்டார்கள். அந்தக் காலத்தில் நாளைக்கு ஆறு வேளை சாப்பிடச் சொன்னார்கள். பிறகு ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முன்வரிசையில் மூன்று பேர். லிசியாட்டே கல்லறையில் இருக்கிறான். மொசெசேயின் வலது பாதம் மட்டும் முன்கூட்டியே அங்கே போயிருக்கிறது. மிச்சம் நான். வீட்டில் செய்னி, ரத்தத்தில் சீனி. செய்னி என் மனைவி. லிசியாட்டேயின் கல்லறைக்குப் பூ வைக்கப் போய்வந்த நாளிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்க்கிறாள்.

நர்ஸ் அலிசி வேறு மிரட்டினாள். "தாத்தா, இந்த ஞாயித்துக்கிழமை எடை பார்ப்பேன். அடுத்த மாசம் மறுபடி பார்ப்பேன். அஞ்சு கிலோ குறையலேன்னா, தினம் ஊசிதான்."

நூற்றிருபது கிலோ தடியன்கள் மேலே பாய்ந்தபோது இமைக்காதவன் நான். ஊசியைப் பார்த்தால் மட்டும் மயக்கம். மயங்கினால் தூக்க ஆறு பேர் வேண்டும்.

எடை பார்ப்பது தேவாலய வாசலில், ஆராதனை முடிந்ததும். வேறெதுவும் என்னைத் தாங்காது என்று துறைமுகத்துக் கொப்பரைத் தராசை உருட்டி வந்திருந்தார்கள். டோங்காவில் ஞாயிறென்றால் எங்கள் இடுப்பில் பாய் இருக்கும், உடைக்கு மேல் கயிற்றால் கட்டி. பாதிரியார் முன்னால் பாயை அவிழ்க்கச் சொல்வது வேட்டியை அவிழ்க்கச் சொல்வதுபோல. எந்த நர்ஸும் சொல்ல மாட்டாள்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பாயின் மடிப்புக்குள் மீன்வலை ஈயக்குண்டுகள், எட்டுக் கிலோ. இன்று குண்டோடு ஏறு. அடுத்த மாதம் குண்டில்லாமல் ஏறு. குண்டைக் குறைக்கக் குண்டு!

நூற்றைம்பத்தெட்டு என்றது தராசு. இறங்கும்போது 'டங்'கென்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?" என்றாள் செய்னி.

"முட்டி. பழைய அடி."

"மணி மாதிரி அடிக்குதே!"

"பழைய அடின்னா அப்படித்தான் அடிக்கும்."

அன்று சாப்பாடு பலம். குண்டுகளை எடுப்பதற்குள் தூங்கிவிட்டேன். பாயை எடுத்து வைத்தது செய்னி.

மறுநாள் கண் விழித்தால், அதே பாயோடு எதிரில் நிற்கிறாள்.

"இனோகே மாமா போயிட்டாருங்க."

அவளுடைய தாய்மாமா. எழுபத்தெட்டு வயது. வவாவு தீவில் இருப்பவர்.

"அடடா! எப்போ?"

"முந்தாநாள். ஜன்னலோரமா உட்கார்ந்தபடியே, அமைதியாப் போனாராம்."

துக்கமென்றால் பாய். சொந்தம் நெருங்க நெருங்க நாளும் கூடும். மனைவியின் தாய்மாமா என்றால் ஒரு மாதம் என்றாள். அவளே கட்டியும் விட்டாள். இடுப்பு இற்று விழும்போல இருந்தது. தடவிப் பார்த்தேன். குண்டுகள் அப்படியே இருந்தன, இப்போது ஒவ்வொன்றும் தூண்டில் நரம்பால் தைத்து.

"கனமா இருக்கா?"

என்ன சொல்வது? "துக்கமாச்சே. கனக்காதா?" என்றேன்.

காலையும் மாலையும் ஊர்க்கோடித் தேவாலயத்துக்கு நடை. வீட்டில் அவித்த மீன், கீரை.

"ஏண்டி, துக்கம்னா பன்னி சுடணுமே?"

"அது அவர் போன இடத்துல. அங்கே சுட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

பாதிரியாரிடமும் சொல்லி வருந்தினேன். "ஆமாம், நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கார்," என்றார். "கொஞ்சம் குளிராம்."

குளிராமா? பாதிரியார்களுக்குத் தகவல் வரும் வழியே தனி என்று வியந்துகொண்டேன்.

மாதம் முடிந்தது. பாயோடும் குண்டோடும் தராசில் ஏறினேன். நூற்றைம்பத்திரண்டு!

"ஆறு கிலோ! ஊசி வேண்டாம் தாத்தா," என்றாள் அலிசி.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். தேவாலய வாசலில் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு இனோகே மாமா நின்றார்.

"என்ன மாப்பிள்ளே, இளைச்சுட்டியே! பாயெல்லாம் கட்டியிருக்கே. யாரு போயிட்டாங்க?"

"நீங்கதான்!"

"ஆமாம்பா, ஆக்லாந்துக்குப் போயிட்டு நேத்துதான் வந்தேன். பேத்தி கல்யாணம். செய்னி சொல்லலையா?"

செய்னியைப் பார்த்தேன்.

"போயிட்டார்னுதானே சொன்னேன்? செத்துட்டார்னா சொன்னேன்?"

ஆத்திரத்தில் கயிற்று முடிச்சில் கை வைத்தேன். அவள் மெல்லக் கையைத் தட்டிவிட்டாள்.

"அவிழ்த்துடாதீங்க. அடுத்த வாரம் அத்தை போறாங்க."