நெய்வேலியில் சைபீரியா இருந்த பதினோரு நாட்கள்

சைபீரியாவை நெய்வேலிக்குக் கொண்டுவந்தவன் நான். அது மொத்தம் பதினோரு நாள் இங்கே இருந்தது. பொங்கல் லீவு முடிந்த வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு வந்தது. அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு முப்பத்தைந்துக்குப் போய்விட்டது. நேரங்களில் சந்தேகம் வேண்டாம். எனக்கு எதையும் நாள், கிழமை, மணி போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. (நல்ல பழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.)

நான் ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவன். சுரங்கத்துக்கு வரும் ஒவ்வொரு போல்ட்டும் எந்த வகுப்பு, எந்த உட்பிரிவு, எந்த ரேக் என்று எண் போட்டு அடுக்குவதும், அது எந்தெந்தப் பிரிவுக்குப் போகிறது என்று எழுதுவதும் என் பிழைப்பு. ஒரு மனிதனை இருபது வருடம் இப்படி உட்காரவைத்தால் வானத்தைப் பார்த்தாலும் அவனுக்கு ரேக்தான் தெரியும். எனக்குத் தகைவிலான்கள் தெரிந்தன. பிளந்த வாலோடு தாழப் பறந்து பூச்சி பிடிக்கும் அந்தச் சின்னப் பறவைகள் ஸ்டோர்ஸ்காரனுக்காகவே படைக்கப்பட்டவை: குடும்பம் ஒன்று, அதற்குள் இனங்கள் பல, இனத்துக்குள் கிளையினங்கள்.

என் புலமையை நான் வீணாக்கவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஜன்னலைப் பார்த்து "குருவி போவுது" என்றால் போதும். கம்பியில் உட்கார்ந்தால் தகைவிலான், கம்பியில் உட்காரத் தெரியாதது உழவாரன் என்று ரசம் வரும்வரை விளக்குவேன். மோர் வருவதற்குள் அவர் இடம் மாறியிருப்பார்.

அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். ஸ்டோர்ஸ் யார்டை ஒட்டிப் பழுப்பு நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் ஓடுகிறது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குட்டை, மேலே கேபிள். கேபிளில் வழக்கமான தகைவிலான்கள் வரிசையாக இருந்தன. நம் பக்கம் குளிர்காலத்தில் வருபவற்றுக்கு வயிறு வெள்ளை. நான் பார்த்தவற்றில் மூன்றுக்கு வயிறு செங்கல் நிறம்.

வயிறு செங்கல் நிறத்தில் உள்ள கிளையினம் சைபீரியாவின் தென்பகுதியில் குஞ்சு பொரிப்பது. குளிருக்கு வங்காளத்துப் பக்கமும் அதற்குக் கிழக்கேயும் போய்விடும். ஆக, என் கண்முன்னால் இருந்தது அறிவியல். கையில் இருந்த டிபன் பாக்ஸைத் தரையில் வைத்துவிட்டு எழுதினேன்: ஏழு இருபது, மூன்று. ஏழரை, ஒன்பது. எட்டு மணி, பதினாறு. கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன!

பெல்ட்டில் தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஏழுமலை அப்போது குறுக்கே வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. அபூர்வப் பறவை" என்றேன்.

"அபூர்வமா? தெனம் வருதுங்களே சார்."

"நீ பாக்கறது வேற, நான் பாக்கறது வேற."

"செரிங்க சார்" என்று தள்ளி நின்றார். மறுநாளும் தள்ளி நின்றார். நான் வருவதைப் பார்த்தாலே தள்ளி நிற்கப் பழகிக்கொண்டார்.

மாலையில் பார்த்தால் ஒரு செவ்வயிறுகூட இருக்காது. "நெடும்பயணக் களைப்பு, வேறெங்கோ தங்குகின்றன" என்று எழுதினேன். இரவில் பரவல் வரைபடத்தைத் திருத்தினேன். வங்காளத்தில் நின்றுபோயிருந்த அம்புக்குறியை இழுத்து, ஆந்திரத்தைத் தாண்டி, பண்ருட்டி, காடாம்புலியூர் வழியாக எங்கள் ஸ்டோர்ஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். (சைபீரியப் பறவையும் பஸ் போகிற ரோட்டில்தான் வரும் என்று எண்ணியிருக்கிறேன்.)

புதுச்சேரியில் தேன்மொழி என்றொரு விலங்கியல் பேராசிரியை, ஓய்வுபெற்றவர், எங்கள் மாவட்டத்துப் பறவைப் பட்டியலைத் தொகுத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் ஒரு பறவையை முதலில் கண்டவர் பெயர் அதன் பக்கத்திலேயே அச்சாகும். என் வாழ்க்கையில் என் பெயர் அச்சானது கல்யாணப் பத்திரிகையில். அதிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. ஆகவே மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் மங்கலான படம் நான்கும் தெளிவான வரைபடம் ஒன்றும் அனுப்பினேன். "நேரில் பார்க்காமல் சேர்க்க முடியாது. ஞாயிறு காலை வருகிறேன்" என்று பதில் வந்தது. பட்டியலில் எனக்கு இனிஷியல் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று அரைநாள் யோசித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடியில் என் மைத்துனனுக்கு நிச்சயதார்த்தம்.

"இன்னாங்க, வூட்டு மாப்ள நீங்க இல்லாம பொண்ணு வூட்டுக்காரங்கள யாரு வான்னு கூப்புடுவாங்க?" என்றாள் என் மனைவி மாலதி.

"பதினொன்றரைக்குத்தானே முகூர்த்தம்? அதுக்குள்ள வந்துடுவேன்."

"நிச்சயத்த வச்சிக்கினு குருவி பாக்கப் போறேன்றீங்களே!"

"அது சாதாரணக் குருவி இல்ல மாலதி. சைபீரியாலேர்ந்து வந்திருக்கு."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தது, கூட ஒரு நாளு இருந்துட்டுத்தான் போவட்டுமே. திங்கக்கெழம பாக்கறது!"

அறிவியலுக்குத் திங்கட்கிழமை கிடையாது என்றேன். அவள் பிள்ளைகளோடு முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஆறு ஐம்பதுக்கே மேடத்தோடு யார்டில் நின்றேன். நிச்சயதார்த்தத்துக்கான வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கேபிளில் இருபத்திரண்டு தகைவிலான்கள் இருந்தன. இருபத்திரண்டும் வெள்ளை வயிறு.

"எல்லாம் வெள்ளையா இருக்கே சார்?"

"இது நம்மூருக்கு வர்ற வழக்கமான கிளையினம் மேடம். சிவப்பு வயிறு கொஞ்சம் லேட்டா வரும்."

"எவ்வளவு லேட்டா?"

"ஏழேகாலுக்கு மேல."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார். (சைபீரியப் பறவைக்கு எங்கள் ஷிப்ட் நேரம் எப்படித் தெரியும் என்று பதினோரு நாளில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.)

ஏழேகாலுக்கு ஏழுமலை வந்தார், எங்களைப் பார்த்துத் தள்ளி நடந்தார், வால்வைத் திறந்தார். பெல்ட்டின் மேல் தண்ணீர் பீய்ச்சியடித்தது. நிலக்கரியை நனைத்து வழிந்த தண்ணீர் டிகாஷன் நிறத்தில் குட்டையில் விழுந்தது. கேபிளிலிருந்து ஒரு தகைவிலான் கிளம்பி, குட்டையின் மேல் தாழப் பறந்து, வயிற்றை மட்டும் தண்ணீரில் உரசி எழுந்து, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. வயிறு செங்கல் நிறம்.

"வந்துடுச்சு மேடம்!" என்று கத்தினேன்.

"வரல சார். இங்கேயேதான் இருந்துது. நான் கண்ண எடுக்கல."

அடுத்தது இறங்கியது. அதற்கடுத்தது இறங்கியது. என் கிளையினம் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. அப்போதும் நான் விடவில்லை. குட்டையோரம் இறங்கிப் பார்த்தேன். கால் வழுக்கிக் குப்புற விழுந்தேன்.

ஏழுமலை ஓடிவந்து தூக்கிவிட்டார். "அதுங்கோ குளிச்சிக்கினு கீதுங்கோ சார். அது கரித் தண்ணி. சாயங்காலத்துக்குள்ள காஞ்சி உதுந்துடும்."

"இத ஏன்பா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார். தள்ளி நிக்கச் சொன்னீங்க, நின்னேன்."

மேடம் என் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். வால்வு எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று ஏழுமலையிடம் கேட்டார். பிறகு பக்கம் பக்கமாகப் படித்தார். ஏழு இருபது, மூன்று, ஏழரை, ஒன்பது, எட்டு மணி, பதினாறு, மாலை, ஒன்றுமில்லை. பதினோரு நாள் எனக்கு எதிராக நானே சாட்சி எழுதியிருந்தேன்.

"உங்க ரெக்கார்ட் ரொம்பத் துல்லியம் சார்" என்றார், உண்மையான மரியாதையோடு. அப்போது மணி ஏழு முப்பத்தைந்து.

மேடத்தை பஸ் ஏற்றிவிட்டு, குறிஞ்சிப்பாடி போய்ச் சேரும்போது பத்து ஐம்பது. மாற்றுச் சட்டை பூட்டிய குவார்ட்டர்ஸில். சாவி மாலதியின் பையில். போட்டிருந்த சட்டையோ கழுத்திலிருந்து தோள்வரை வெள்ளை, அதற்குக் கீழே செங்கல் நிறம். வாசலில் சந்தனக் கிண்ணத்தைக் கையில் திணித்தாள் மாலதி. "ஒண்ணும் கேக்க மாட்டேன். மொதல்ல பொண்ணோட தாய்மாமன கூப்புடுங்க. அவரு மனசு கோணக்கூடாது."

முதல் வரிசையில், சலவை வேட்டியில், பெண்ணின் தாய்மாமனாக உட்கார்ந்திருந்தார் ஏழுமலை. பர்மிஷன் போட்டுவிட்டு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாராம்.

"வாங்க" என்றேன். வாழ்க்கையிலேயே இவ்வளவு பணிவாக யாரையும் அழைத்ததில்லை.

"அட, சார்! நீங்க இந்த வூட்டு மாப்ளயா?" என்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். மறைக்க எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. என் சட்டையைக் காட்டி, குட்டை, குருவி, புதுச்சேரி அம்மா என்று முதலிலிருந்து சொல்லிவிட்டார். தட்டு மாற்றுவதற்கு முன்பே இரு வீட்டாரும் ஒன்றாகிவிட்டார்கள். ஒரு கூடம் மனிதர்களை ஒரே ஆளைப் பார்த்துச் சிரிக்கவைப்பதைவிட விரைவான சம்பந்தம் கிடையாது. "மாமா, நீங்க எந்த கிளையினம்?" என்றான் மைத்துனன்.

பட்டியல் அந்தச் சித்திரையில் அச்சாகி வந்தது. தகைவிலான் என்ற தலைப்பின் கீழ் இப்படி ஒரு வரி இருந்தது: "நெய்வேலியில் வயிறு செங்கல் நிறமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நிலக்கரித் தண்ணீரின் கறை. தகவல்: ஏழுமலை." இனிஷியலோடு போட்டிருந்தார்கள். என் பெயரை மேடம் எங்கும் குறிப்பிடவில்லை. அதுதான் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம்.

ஆறு பொங்கல் வந்துபோய்விட்டது. இன்றும் என் வீட்டில் நான் எதையாவது உறுதியாகச் சொல்லிவிட முடியாது. குழம்பில் உப்பு அதிகம் என்றாலும், நாளைக்குக் கம்பெனி பஸ் ஓடாது என்றாலும், மைத்துனனின் நான்கு வயது மகள் உட்பட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்:

"ஏழுமலைய கேட்டீங்களா?"

கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். போன் நம்பர் வைத்திருக்கிறேன்.